ஆசான் விடைபெற்ற பிறகு



அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகராகிய அட்லாண்டாவில், ஜார்ஜியா டெக் என்று சுருக்கமாக வழங்கப்பெறும் பொறியியற் கல்வி நிலையம் ஒன்று உண்டு. அதன் கால்பந்து அணிக்குப் பதினோர் ஆண்டுகள் பயிற்சியளித்தவர் பால் ஜான்சன். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், தாம் அப்பொறுப்பினின்றும் விலகப் போவதாக அவர் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 61.

பயிற்சியாளர் ஒருவர் போவதும் மற்றொருவர் வருவதும் விளையாட்டு உலகில் அன்றாட நிகழ்ச்சிதான். ஆயினும் ஜான்சன் விலகியபோது, அந்த ஆட்டத்தை அறிந்தோர் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. 'ஆப்ஷன்' என்னும் பழைய ஆட்டமுறையைப் பெரும் பல்கலைக்கழகங்களின் முதன்மைக் குழுக்களில் முழுமையாகக் கையாண்டு வந்தவர் அப்போது அவர் ஒருவரே. ஆகவே, அவரோடு அந்த முறையும் விடைபெற்றுவிடுமோ என்று பலரும் எண்ணினர். ஒரு கலை ஆசானிடத்தில் வாழ்கிறதா? அவனிடம் பயின்ற மாணாக்கரிடத்தில் வாழ்கிறதா? அன்றி, அக்கலையின் அடிப்படைக் கருத்திலேயே வாழ்கிறதா? இக்கேள்வி விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று; கல்விக்கும் உரியது. அதனாலேயே இதனை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெயர் கால்பந்தாயினும் அது நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்து இரு முனையும் கூர்ந்த நீள்வட்ட வடிவினது. அதைக் காலால் உதைப்பது அருமை. கையில் ஏந்தி ஓடுவதும், முன்னே எறிவதுமே பெரும்பான்மை. ஒவ்வோர் அணியிலும் பதினொருவர் களத்தில் நிற்பர். களத்தின் நீளம் 100 கஜம். பந்தைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கிற்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும்; முன்னேறாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் 6 புள்ளிகள்.

ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பந்து வந்து சேர்வது குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்டக்காரனிடம். அவன் பந்தை இன்னொருவனிடம் கொடுக்கலாம், முன்னே எறியலாம், தானே ஏந்தி ஓடலாம். மற்றவர்கள் எதிரணியினரை உடலால் மறித்து, ஓடுபவனுக்கு வழி செய்து கொடுப்பர்.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான ஓட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான். பந்தை வாங்கியவன் ஓடுகிறான். பதினொருவரில் இவ்விருவரும் போக, மறிப்பதற்கு எஞ்சியவர் ஒன்பது பேர். எதிரே நிற்பவரோ பதினொருவர். ஒன்பது பேர் பதினொருவரை எவ்வாறு மறிப்பது? வலிமை மிக்க அணி தன் வலிமையால் அந்தக் குறையை ஈடுசெய்துவிடும். உயரத்திலும் எடையிலும் விரைவிலும் குறைந்த அணி என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையே ஆப்ஷன், அஃதாவது தெரிவு. எதிரணியினர் இருவரை வேண்டுமென்றே யாரும் தொடாமல் விட்டுவிடுவது இதன் இரகசியம். பந்தைப் பெற்ற குவார்ட்டர்பேக், நடுவே பாய்ந்து வரும் ஃபுல்பேக் என்பவனின் வயிற்றருகே அதை நீட்டுகிறான். கண் மட்டும் மறிக்காது விடப்பட்ட முதல் எதிரியின்மீது இருக்கிறது. அவன் அசையாது நின்றால் பந்து ஃபுல்பேக்கிடம் போகிறது. அவன் ஃபுல்பேக்கை நோக்கிப் பாய்ந்தாலோ, குவார்ட்டர்பேக் பந்தை இழுத்துக்கொண்டு வெளிப்புறமாக ஓடுகிறான். அங்கே இரண்டாவது எதிரி நிற்கிறான். அவன் பின்வாங்கினால் குவார்ட்டர்பேக் தானே முன்னேறுகிறான். அவன் நெருங்கி வந்தால், சற்றுப் பின்னே உடன் ஓடிவரும் தோழனிடம் பந்தை எறிந்துவிடுகிறான். எதிரி எந்த முடிவைச் செய்தாலும் அந்த முடிவே அவனுக்குத் தவறாகிவிடுகிறது. இவ்விருவரும் கணக்கினின்று நீங்க, எதிரே எஞ்சியவர் ஒன்பது பேர்.  கணக்கு ஏறத்தாழச் சமமாகிவிட்டது. மூன்று வழிகள் உள்ளமையால் இதனை மும்மைத் தெரிவு என்றும் கூறலாம்.

வலிமை குறைந்தவரும் தக்க இடத்தைத் தேர்ந்து, தம்மைக் காத்துச் செயல்பட்டால் பகைவரை வெல்வர் என்று வள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்தில் உரைப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த அறிவின் ஒரு சாயலை இந்த ஆட்டத்திலும் காணலாம்.

இம்முறை ஒரே நாளில் ஒருவர் மனத்தில் முழுதாகத் தோன்றியதன்று. மிசௌரி பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த டான் ஃபரோ, 1941-ஆம் ஆண்டில் இதன் தொடக்க வடிவத்தைக் களத்தில் இறக்கினார். அவர் இளமையில் கூடைப்பந்தும் ஆடியவர். கூடைப்பந்தில் இருவர் விரைந்து வர, தடுக்க ஒருவனே இருந்தால் என்ன நிகழும்? தடுப்பவன் பந்து வைத்திருப்பவனை நெருங்கினால் பந்து மற்றவனிடம் போகும். நெருங்காவிடில் வைத்திருப்பவனே கூடையில் இடுவான். இந்த எளிய காட்சியைத்தான் ஃபரோ புல்தரைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அயோவாவில் இருந்த கடற்படைப் பயிற்சி நிலையத்தின் அணிக்கு அவர் பயிற்சியளித்தார். அங்கே அவருக்குத் துணையாக இருந்தவர்களுள் ஒருவர் பட் வில்கின்சன். பின்னர் வில்கின்சன் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். அவருடைய அணி 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்றது. ஃபரோ தம் முறையைப் பூட்டி வைத்திருந்தால் இது நிகழ்ந்திராது. கற்றுக் கொடுத்தவரே பின்னாளில் கற்றவரிடம் களத்தில் தோற்க நேரினும், கலை வளர்ந்தது.

1960-களில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பில் யோமன் 'வீர்' என்னும் அமைப்பை உருவாக்கினார். எதிரணியின் முன்வரிசை வீரனையே மறிக்காமல் விடும் துணிவு அதில் இருந்தது. 1968-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், தலைமைப் பயிற்சியாளர் டாரல் ராயலுக்குத் துணைவராயிருந்த எமரி பெல்லார்ட், ஓடுபவர் மூவரைக் குவார்ட்டர்பேக்கின் பின்னே கவட்டை வடிவில் நிறுத்தினார். அவ்வடிவம் கோழியின் நெஞ்செலும்பை ஒத்திருந்தமையால் அதற்கு 'விஷ்போன்' என்று பெயர் வந்தது. அந்த ஆண்டின் முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது, இரண்டாவது தோல்வி. அப்போது முறையைக் கைவிட்டிருக்கலாம். ராயல் கைவிடவில்லை. அதன்பின் டெக்சஸ் அணி தொடர்ந்து 30 ஆட்டங்களில் வென்றது. 1971-இல் இதே முறையைக் கையாண்ட ஓக்லஹோமா அணி, ஓர் ஆட்டத்திற்குச் சராசரி 472 கஜத்திற்கு மேல் ஓட்டத்தால் மட்டுமே முன்னேறியது. எளியவனின் கருவியாய்ப் பிறந்தது வலியவன் கைக்கும் போனது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் டாம் ஆஸ்போர்ன், ஆப்ஷனைத் தம் அணியின் வலிமையோடு இணைத்து 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்றார். 1997-ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவர் ஓய்வு பெற்றார். அவருடைய துணைவர் ஃபிராங்க் சோலிச் ஆறு ஆண்டுகள் அந்த மரபைத் தொடர்ந்தார். 2003-இல், அணி ஒன்பது வெற்றிகள் பெற்றிருந்தபோதே அவர் நீக்கப்பட்டார். அடுத்து வந்த பில் கலாஹன், தொழில்முறை அணியிலிருந்து வந்தவர். பந்தை எறிந்து ஆடும் முறையைக் கொணர்ந்தார். 2004-இல் நெப்ராஸ்கா அணி வெற்றிகளைவிடத் தோல்விகளை மிகுதியாகக் கண்டது. 1961-க்குப் பிறகு அதற்கு நேர்ந்த முதல் இறக்கம் அதுவே.

பெரிய பல்கலைக்கழகங்கள் ஆப்ஷனை ஏன் கைவிட்டன? முதலாவது காரணம், பந்தை எறிந்து ஆடும் கலை வளர்ந்தது. ஓட்டத்தையே நம்பிய அணி, பல புள்ளிகள் பின்தங்கிவிட்டால் விரைவில் மீள்வது கடினம். இரண்டாவது, தடுப்போரின் விரைவு பெருகியது. வெளிப்புறமாக ஓடிக் கடக்க முன்போல் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது, திறமை மிக்க இளைஞர் பலர் தொழில்முறை அணியில் சேரும் கனவோடு கல்லூரிக்கு வருகின்றனர். தொழில்முறை அணிகள் பந்தெறியும் குவார்ட்டர்பேக்கையே நாடும்போது, ஓடும் குவார்ட்டர்பேக்காகப் பயில எத்தனை பேர் முன்வருவர்? ஆகவே, ஆப்ஷன் மெல்ல மெல்ல, பெருஞ்செல்வம் இல்லாத கல்லூரிகளுக்கும் படைத்துறைக் கல்விக்கழகங்களுக்கும் உரியதாக ஒடுங்கியது.

இந்நிலையில்தான் பால் ஜான்சனின் பணியை நோக்க வேண்டும். வட கரோலினாவின் மலைப்பகுதியில் பிறந்த அவர், கல்லூரி அணியில் ஆடியவரல்லர். பயிற்சியளிக்கும் கலையைப் பயிற்சியளித்தே கற்றவர். ஜார்ஜியா சதர்ன் கல்லூரியில் எர்க் ரஸ்ஸல் என்ற பயிற்சியாளரின்கீழ், 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் தாக்கும் அணியை வகுத்தமைத்தார். அவ்விரண்டு ஆண்டுகளிலும் அக்கல்லூரி தன் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது. பின்னர் அவரே தலைமை ஏற்று, 1999-இலும் 2000-இலும் அதே பட்டங்களைப் பெற்றுத் தந்தார்.

2002-இல் அவர் அன்னாபொலிஸிலுள்ள கடற்படைக் கல்விக்கழகத்திற்குச் சென்றார். அதற்கு முந்திய இரண்டு பருவங்களில் அந்த அணி மொத்தமே ஒரு வெற்றிதான் கண்டிருந்தது. ஜான்சனின் முதற் பருவத்தில் 2 வெற்றி, 10 தோல்வி. இரண்டாம் பருவத்தில் 8 வெற்றி. 2007-ஆம் ஆண்டில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை 46-க்கு 44 என்ற கணக்கில் அவர் அணி வென்றது. அதற்குமுன் கடற்படை அணி நோட்டர் டேமிடம் தொடர்ந்து 43 முறை தோற்றிருந்தது. கடைசி வெற்றி 1963-இல் கிட்டியது! கடற்படைக் கழக மாணவர் பலர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்ட தோல்வி வரிசையை ஒரு மாலைப்பொழுது முறித்தது.

2008-இல் ஜார்ஜியா டெக் அவரை அழைத்தது. கடற்படைக் கழகத்தில் செல்லுபடியான முறை, பெரிய பல்கலைக்கழகங்களின் கடும் போட்டியில் செல்லாது என்றனர் சிலர். முதலாண்டிலேயே, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து தங்களை வென்றுவந்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை 45-க்கு 42 என்று ஜான்சனின் அணி வென்றது. 2014-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று ஆரஞ்சுப் பந்தயத்தில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தை 49-க்கு 34 என்று தோற்கடித்தது. ஓட்டமே முதன்மையான அம்முறையில் பயின்றும், பந்தைப் பிடிக்கும் வீரராகிய டெமேரியஸ் தாமஸ் 2010-இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதற் சுற்றிலேயே இடம்பெற்றார்.

ஆயினும், ஒரு முறையைப் புகழும்போது அதன் குறையை மறைத்தல் நேர்மையன்று. அதே ஜான்சன், அதே முறையைக் கொண்டு ஆடிய 2015-ஆம் ஆண்டில் 3 வெற்றிகளே கிட்டின. 9 ஆட்டங்களில் தோல்வி. ஆப்ஷன் ஒரு மந்திரக்கோல் அன்று. தேர்ந்த கைகளில் அது நல்ல கருவி, அவ்வளவே.

2018 டிசம்பர் 26-ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் மின்னசோட்டா அணியிடம் 34-க்கு 10 என்று தோற்றதுதான் ஜார்ஜியா டெக்கில் அவருடைய கடைசி ஆட்டம். அடுத்து வந்த ஜெஃப் காலின்ஸ் புதிய முறையைக் கொணர்ந்தார். இங்கேதான் ஒரு பயிற்சியாளர் விலகுவதன் முழுப்பொருளும் விளங்குகிறது. ஆசான் தம் நூல்களை எடுத்துக்கொண்டு போய்விடலாம்; மாணவர் அங்கேயே இருக்கின்றனர். விரைந்து தாழ்ந்து மறிப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முன்வரிசை வீரர்கள், இப்போது பின்வாங்கி நின்று பந்தெறிபவனைக் காக்க வேண்டும். ஓடுவதற்கென்றே வந்த குவார்ட்டர்பேக் எறியக் கற்க வேண்டும். சிலருடைய இடமே புதிய அமைப்பில் இல்லை. நான்காண்டுக் கல்லூரி வாழ்வில் இரண்டு ஆண்டுகள் ஒரு மொழியைப் பயின்றவனிடம், இனி வேறு மொழியில் பேசு என்பது போன்றது அது.

2019 செப்டம்பரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. தாழ்ந்த பிரிவைச் சேர்ந்த சிட்டடல் என்னும் படைத்துறைக் கல்லூரி, அட்லாண்டாவுக்கே வந்து ஜார்ஜியா டெக்கைக் கூடுதல் நேர ஆட்டத்தில் 27-க்கு 24 என்று வென்றது. சிட்டடல் கையாண்ட முறை எது தெரியுமா? ஜார்ஜியா டெக் சில மாதங்களுக்கு முன் விடைகொடுத்து அனுப்பிய அதே மும்மைத் தெரிவு! காலின்ஸின் முதல் மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு மூன்று வெற்றிகளே கிடைத்தன. 2022 செப்டம்பரில் அவர் நீக்கப்பட்டார். இதைக் கொண்டு பழைய முறையே சிறந்தது என்று முடிவு கட்டலாகாது. மாற்றத்திற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் மாணவரே என்பதை மட்டும் இதிலிருந்து நாம் கற்கலாம்.

ஆப்ஷனுக்கு நேர்ந்த இடையூறு ஆசான்களின் பிரிவு ஒன்றுமட்டும் அன்று. விதிகளும் மாறின. சிறிய உருவினர் பெரிய உருவினரை மறிக்கத் துணையாயிருந்தது, இடுப்புக்குக் கீழே தாழ்ந்து மறிக்கும் உத்தி. முழங்கால் காயங்களுக்கு அஞ்சி அதனைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தினர். 2022-ஆம் ஆண்டு முதல், முன்வரிசையின் நடுப்பகுதிக்கு வெளியே அவ்வாறு மறித்தல் தடுக்கப்பட்டது. வெளிப்புற ஓட்டத்தை நம்பிய அணிகளுக்கு அது பெரும் இழப்பு. இளைஞரின் கால்களைக் காப்பது நியாயந்தானே என்பீர்கள். நியாயமே. ஆனால், ஒரு நியாயம் நிறைவேறும்போது வேறொருவன் கையிலிருந்த சமன்செய்யும் கருவி பறிபோகலாம் என்பதையும் உடன் எண்ண வேண்டும்.

அந்த 2022-ஆம் ஆண்டின் இறுதியில், கடற்படைக் கழகத்தில் ஜான்சனுக்குப் பின் தலைமை ஏற்றிருந்த கென் நியுமடலோலோவும் விடைபெற நேர்ந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் மாணவராக ஆடிய காலத்திலிருந்தே அவர் ஜான்சனிடம் பயின்றவர். 109 வெற்றிகளோடு கடற்படைக் கழகத்தின் வரலாற்றில் மிகுதியான வெற்றி பெற்ற பயிற்சியாளர். தரைப்படை அணியோடு நடந்த ஆட்டத்தில் இரண்டு கூடுதல் ஆட்டங்களுக்குப்பின் 20-க்கு 17 என்று தோற்ற மறுநாளே அவருடைய நீக்கம் அறிவிக்கப்பட்டது. ஆப்ஷனின் கதை முடிந்தது என்று மீண்டும் பலர் எழுதினர்.

கதை முடியவில்லை. ஜான்சனுக்குப் பல்லாண்டுகள் துணைவராயிருந்த ஜெஃப் மங்க்கன், 2014 முதல் வெஸ்ட் பாயிண்ட் தரைப்படைக் கல்விக்கழகத்தின் பயிற்சியாளரானார். 2018-இல் அவர் அணி, அவ்வாண்டு தேசியப் பட்டத்திற்கான இறுதி நால்வரில் ஒன்றாய் வந்த ஓக்லஹோமாவை அதன் சொந்தக் களத்திலேயே சந்தித்தது. 60 நிமிட ஆட்டத்தில் ஏறத்தாழ 45 நிமிடம் பந்து தரைப்படையின் கையில் இருந்தது. எதிரியின் கைக்குப் பந்தே போகாவிடில் எதிரியின் வலிமை என்ன செய்யும்? கூடுதல் நேரத்தில்தான் ஓக்லஹோமாவால் 28-க்கு 21 என்று வெல்ல முடிந்தது. புதிய விதிகளுக்கேற்ப 2023-இல் மங்க்கன் தம் முறையைப் பெரிதும் மாற்றிப் பார்த்தார்; 6 வெற்றி, 6 தோல்வி. 2024-இல் பழைய நெறியின் பெரும்பகுதிக்குத் திரும்பினார். அவ்வாண்டு தரைப்படை அணி 12 ஆட்டங்களில் வென்று தன் குழுவின் பட்டத்தையும் பெற்றது. அதன் குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி, பந்தை ஏந்தி ஓடி 32 முறை எல்லைக்கோட்டைக் கடந்தார். அதே 2024-இல் கடற்படையும், பழைய ஓட்ட அமைப்புகளோடு ஆப்ஷனையும் பந்தெறிதலையும் கலந்த ஒரு புதிய முறையால் 10 வெற்றிகள் பெற்றது. தரைப்படையையும் 31-க்கு 13 என்று வென்றது.

படைத்துறைக் கழகங்களில் இம்முறை தங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே சேர்வோர் படிப்பு முடிந்ததும் படையில் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். தொழில்முறை ஆட்டக் கனவு அவர்களுள் சிலருக்கே உண்டு. ஆகவே நாலாண்டும் ஒரே நெறியில் பொறுமையோடு பயில்வர். பிற கல்லூரிகளிலோ நிலைமை வேறு. 2021 முதல், ஓராண்டு காத்திராமலே ஒருமுறை கல்லூரி மாறி ஆட மாணவ வீரர்க்கு உரிமை வந்தது; 2024-இல் அவ்விதி மேலும் தளர்ந்தது. மாணவனுக்கு அது நன்மையே. எனினும், ஆயிரம் முறை செய்து பழகினால் மட்டுமே கைவரும் கலைக்கு, ஆண்டுதோறும் ஆள் மாறும் அணி நல்ல நிலம் ஆகாது.

அப்படியானால் ஆப்ஷனின் எதிர்காலம் யாது? வடிவத்தை மட்டும் பார்த்தால், அது இனிச் சிலரிடமே இருக்கும் என்று தோன்றுகிறது. அருமையாய் இருப்பதே அதற்கு ஒரு வலிமையுமாகும். வாரந்தோறும் வேறு முறைகளை எதிர்த்துப் பழகிய அணி, சில நாட்களுக்குள் இதனை எதிர்க்க ஆயத்தமாக வேண்டும். எல்லோரும் ஆடினால் அந்த வியப்பு மறைந்துவிடும்.

கருத்தைப் பார்த்தாலோ, அது எங்கும் பரவிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் மாநிலக் கல்லூரி என்னும் சிறிய கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் என்ற இளம் பயிற்சியாளர், ஆட்டக்காரரைக் களமெங்கும் பரப்பி நிறுத்தி, முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் எதிரியை மறிக்காமல் விட்டு, அவன் அசைவைக் கண்டு முடிவு செய்யும் ஆட்டத்தை வளர்த்தார். இன்னும் சிலர், ஓடுவதா எறிவதா என்ற முடிவையே எதிரியின் அசைவைப் பார்த்துச் செய்யும் ஆட்டங்களை அமைத்தனர். தொழில்முறை உலகில் 2019-ஆம் ஆண்டு பால்டிமோர் அணியின் லாமார் ஜாக்சன், குவார்ட்டர்பேக் ஒருவர் ஒரு பருவத்தில் அதுவரை ஓடிக் கடந்திராத 1,206 கஜங்களைக் கடந்தார். அந்த அணியின் ஆட்டத்திலும் தெரிவின் பங்கு பெரிது. உடை மாறிவிட்டது, உள்ளிருப்பது ஃபரோ கூடைப்பந்துக் களத்தில் கண்ட அதே உண்மை.

ஆகவே, ஆசான் விடைபெற்றபின் கலை எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஜார்ஜியா டெக்கில் முறை மறைந்தது. ஏனெனில் அங்கே அது ஒருவர் பதவியோடு கட்டுண்டிருந்தது. தரைப்படையில் அது நின்றது. ஏனெனில் அங்கே ஜான்சனின் மாணாக்கர் அதனைத் தம் அறிவால் சோதித்து, மாற்றி, மீண்டும் தேர்ந்துகொண்டார். கட்டடத்தில் எழுதிவைத்த முறை அழியும்; ஒருவன் தன் பகுத்தறிவால் தனதாக்கிக்கொண்ட முறை அவனோடு நடந்து செல்லும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது. இன்றைய கல்லூரி ஆட்டத்தில் களத்தின் ஓரத்திலிருந்து வரும் கட்டளைகள் மிகப் பல. 2024 முதல் பெரிய கல்லூரிகளில் பயிற்சியாளர், வீரன் ஒருவனின் தலைக்கவசத்துக்குள் வைத்த கருவியின் வழியாக அவனோடு நேரே பேசவும் இடம் உண்டு. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் அந்தக் குரல் நின்றுவிட வேண்டும் என்பது விதி. குரல் நின்றபின் என்ன நடக்கிறது என்பதைத்தான் ஆப்ஷன் நமக்குக் காட்டுகிறது. எந்த ஆட்டம் என்பதை ஆசான் சொல்லலாம். பந்து யாரிடம் போகும் என்பதை அவர் சொல்ல இயலாது. அதை இருபது வயது இளைஞன் ஒருவன், எதிரே பாய்ந்து வருபவனின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, ஒரு நொடிக்குள் தானே தீர்மானிக்க வேண்டும். தவறினால் அடிபடுபவனும் அவனே.

ஓர் ஆட்டமுறை பத்து அணிகளில் வாழ்கிறதா, இரண்டில் வாழ்கிறதா என்பது பெரிதன்று. மாணவனிடம் முடிவை ஒப்படைக்கும் துணிவு ஆசான்களிடம் இருக்கும்வரை, அந்த முடிவைச் செய்யும் தகுதியை ஆயிரம் முறைப் பயிற்சியால் மாணவன் தேடிக்கொள்ளும்வரை, அந்தக் கலைக்கு எதிர்காலம் உண்டு. உங்களுக்கும் ஒருநாள் ஆசிரியர் விடைபெறுவார், குரல் நிற்கும், பந்து உங்கள் கையில் இருக்கும். அன்று எதிரே நிற்பதைக் கண் திறந்து பார்த்து முடிவு செய்வதற்கு இன்றே பழகிக்கொள்ளுங்கள்.